மூளையில் ஊறும் சுரப்பு

சுரப்பிகள் ஆக்கும் ஹார்மோன்களைக் குருதி சுமந்து செல்ல, மூளை அவற்றின் ஏவலை ஏற்கும் என்பதே நெடுநாள் அறிஞர் கொண்ட கருத்து. மூளையும் ஒரு சுரப்பிடம் என்பது பிற்காலத்தில் புலனாயிற்று.

1941இல் கனடாவின் மொன்றியால் நகரில் ஹான்ஸ் செல்யே என்னும் ஆய்வாளர், எலிகளின் உடலில் புரோஜெஸ்டிரோன் முதலிய ஸ்டீராய்டு ஹார்மோன்களைச் செலுத்தினார். எலிகள் உணர்விழந்து துயின்றன. கருவைக் காக்கும் ஹார்மோன் மூளையை மயக்குவது ஏன்? வினா எழுந்தது, விடை கிட்டவில்லை.

1981இல் பிரெஞ்சு அறிஞர் எத்தியேன் எமில் போலியே குழுவினர் மற்றொரு புதுமையைக் கண்டனர். டி.எச்.இ.ஏ. சல்பேட் என்னும் ஸ்டீராய்டு, எலியின் குருதியிலும் மூளையில் மிகுந்திருந்தது. அட்ரினல் சுரப்பிகளையும் விதைகளையும் அகற்றிய பின்னும் அது மூளையில் நிலைத்திருந்தது. வாய்க்காலை அடைத்தும் குளம் வற்றவில்லையெனின், குளத்திலேயே ஊற்று உண்டென்பது தெளிவன்றோ? இத்தகைய பொருள்களுக்கு 'நியூரோஸ்டீராய்டு' என்று பெயரிட்டவரும் போலியேதாம்.

செல்யேயின் வினாவுக்கு 1986இல் விடை கிடைத்தது. நரம்பணுக்களின் கிளர்ச்சியைத் தணிப்பது காபா என்னும் பொருள். புரோஜெஸ்டிரோனிலிருந்து பிறக்கும் அல்லோபிரெக்னனோலோன், காபாவின் ஏற்பிகளிற் பொருந்தி அத்தணிப்பை வலுப்படுத்துகிறது என்பதை மஜெவ்ஸ்கா என்பாரும் உடன் ஆய்ந்தோரும் நிறுவினர்.

கருவுற்ற காலத்தில் உயரும் இப்பொருள், மகப்பேற்றின்பின் சட்டென்று வீழ்கிறது. தாய்மார் சிலரை அப்போது வாட்டும் கடுஞ்சோர்வுக்கு இவ்வீழ்ச்சியும் ஒரு காரணமாகலாம் என்று ஆய்வாளர் கருதினர். 2019இல் இதே பொருளை, பிரெக்ஸனோலோன் என்ற பெயரால், அந்நோய்க்குரிய மருந்தாக அமெரிக்க அரசு ஏற்றது. அதனை 60 மணி நேரம் சிரைவழி ஏற்ற வேண்டியிருந்தது. 14 நாள் விழுங்கும் சூரனோலோன் 2023இல் ஒப்புதல் பெற்றது.

எல்லா நம்பிக்கையும் பலிக்கவில்லை. தலைக்காயமுற்றோர்க்குப் புரோஜெஸ்டிரோன் உதவும் என்று விலங்காய்வுகள் காட்டின. ஆயினும் 2014இல் வெளிவந்த இரு பெருஞ்சோதனைகளின் முடிவு, அது மாந்தர்க்குப் பயன்தரவில்லை என்பதே.

எனினும் இவ்வரலாறு ஓர் அறத்தை உணர்த்துகிறது. பிள்ளை பெற்றவள் காரணமின்றி அழுதால், பேய்பிடித்தது என்றோ, பெற்ற பிள்ளையிடம் பாசமில்லை என்றோ ஏசுவோர் உளர். அவள் அழுகைக்கு உடலிலும் காரணம் இருக்கலாம். அவளுக்கு வேண்டியது வசையன்று. மருத்துவரின் துணையும் வீட்டாரின் பரிவுமே.