வேலை கிடைத்தால் போதுமா?

உடற்குறையுடையோர் வேலைவாய்ப்பு பற்றிய எங்கள் கலந்துரையாடலில் ஒரு தாயார் எழுந்து நின்றார். "என் மகனுக்குச் சமூகநல இலாகாவில் மாதா மாதம் பணம் கொடுக்கிறார்கள். வேலைக்கு அனுப்பி, மூன்று மாதத்தில் அவனை நிறுத்திவிட்டால், போன பணத்தை நான் யாரிடம் போய்க் கேட்பேன்?" என்றார். அரங்கில் சத்தமே இல்லை. இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் என்றால் நமக்குப் பூக்கடையும் வாழையிலைச் சாப்பாடும்தான் நினைவுக்கு வரும். 1951இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கமும் அங்கேதான் இருக்கிறது. அதன் பயிற்சி நிலையத்துக்கு, அதே ஆண்டு அக்டோபரில் பிரேசர் மலைச் சாலையில் சுட்டுக் கொல்லப்பட்ட பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னியின் பெயரைச் சூட்டினார்கள். தொடக்கத்தில் பிரம்புக் கூடை பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு தொலைபேசி இயக்குநர் வேலை வந்தது. விரல் உணர்வும் கூர்மையான செவியும் நல்ல ஞாபகமும் கேட்கும் வேலை அது. அரசாங்க அலுவலகங்களும் வங்கிகளும் பார்வையற்றோரை நம்பி எடுத்தன. சம்பளம், சேமநிதி, ஊரில் மரியாதை எல்லாம் கிடைத்தன. ஆனால் நேரடி எண்களும் தானியங்கி இணைப்பும் வந்ததும் அந்த நாற்காலியே காணாமல் போனது. வேலை செய்தவரிடம் ஒரு குறையும் இல்லை.

அடுத்தது மசாஜ். பிரிக்பீல்ட்ஸில் அந்தப் பலகைகளை இன்றும் பார்க்கலாம். கௌரவமான உழைப்புதான். ஆனால் கூடை, தொலைபேசி, மசாஜ் என்று ஒரு சமூகத்துக்கே இரண்டு மூன்று தொழிலை மற்றவர்கள் பொறுக்கிக் கொடுத்தது எனக்கு உறுத்துகிறது. உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டவர்கள் குறைவு.

1988இல், பொதுச் சேவை வேலைகளில் 1 விழுக்காட்டை உடற்குறையுடையோருக்கு ஒதுக்கச் சொல்லி அரசாங்கம் சுற்றறிக்கை விட்டது. 20 ஆண்டுகள் கழித்து, 2008இல், அதே 1 விழுக்காட்டுக்காக இன்னொரு சுற்றறிக்கை தேவைப்பட்டது. உடற்குறையுடையோர் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் 2008இல்தான். மற்றவர்களுக்குச் சமமான வேலைவாய்ப்பை அதன் 29ஆம் பிரிவு உரிமையாகச் சொல்கிறது. மறுக்கும் முதலாளிக்கு என்ன தண்டனை என்று மட்டும் சொல்லவில்லை.

முதலாளிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நாங்கள் அழைத்த விருந்தினர் ஒருவர் சக்கர நாற்காலியில் வந்தபோதுதான் எங்கள் அரங்கு வாசலில் மூன்று படிகள் இருப்பதே என் கண்ணில் பட்டது. அவரைத் தூக்கிக்கொண்டுதான் உள்ளே போனோம்.

உதவித் தொகை விஷயத்துக்கு வருகிறேன். 2021 வரவு செலவுத் திட்டத்தில், வேலை செய்ய இயலாதவருக்கு மாதம் 300 ரிங்கிட் என்றும், குறைந்த சம்பளத்தில் வேலை செய்யும் உடற்குறையுடையவருக்கு 450 ரிங்கிட் என்றும் உயர்த்தினார்கள். கணக்குப்படி வேலைக்குப் போவதுதான் லாபம். ஆனால் அந்தத் தாயாரின் பயம் கணக்கு பற்றியதல்ல, வேலை நிலைக்குமா என்பது.

நிலைக்க வைக்கும் முயற்சி நம் நாட்டில் தாமதமாகத்தான் சூடு பிடித்தது. விபத்திலோ நோயிலோ முடங்கிய சந்தாதாரருக்காக 2007இல் சொக்சோ 'மீண்டும் வேலைக்கு' திட்டத்தைத் தொடங்கியது. ஓர் அதிகாரி அவர் கூடவே இருந்து சிகிச்சை, செயற்கைக் கால், முதலாளியிடம் பேச்சு எல்லாவற்றையும் கவனிப்பார். பழைய வேலை சரிப்படாவிட்டால் வேறு வேலைக்கு வழி பார்ப்பார். ஏறக்குறைய அதே காலத்தில் ஜப்பானிய உதவியோடு சமூகநல இலாகா பணிப் பயிற்றுநர் முறையைக் கொண்டுவந்தது. பயிற்றுநர் வேலையிடத்துக்கே போகிறார். வேலையைச் சிறு சிறு படியாகப் பிரித்துக் காட்டுகிறார். பக்கத்தில் வேலை செய்பவருக்கும் எப்படிப் பேசுவது, எங்கே உதவுவது, எங்கே உதவக்கூடாது என்று சொல்லித் தருகிறார். பிறகு தம் வருகையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்கிறார்.

இதையெல்லாம் அந்தத் தாயாரிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தப் பயிற்றுநர் எங்கள் தோட்டத்துக்கும் வருவாரா, தம்பி?" என்றார். மேடையில் இருந்த நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.