கல் கூரையின் விலை

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபம் நாயக்கர் காலத்துக் கட்டடம். பின்னாளில் அதற்குள் கடைகள் நிறைந்தன. 2018 பிப்ரவரி 2 இரவு அங்கே பிடித்த தீ, கூரையையே கீழே கொண்டுவந்தது.

கல் எரியாது, வெடிக்கும். கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ் 573 டிகிரி செல்சியஸில் சட்டென்று விரிய, தூண் பாளம் பாளமாகப் பெயரும். அப்புறம் மேலே உள்ள உத்தரமும் பாவுகல்லும் நிற்காது.

இப்படி விழுந்த கல் கூரையைத் திரும்பக் கட்ட, ஓடு மாற்றுவதற்குப் போடும் மதிப்பீடு உதவாது. விரிசலில்லாத நெடிய கல் வேண்டும். ராசிபுரம் பக்கம் பட்டணம் குவாரியில் அது கிடைத்தது. கல் வெட்டுவது, லாரி, சிற்பிகள் கூலி எல்லாம் சேர்த்துத் திட்டச் செலவு சுமார் 18 கோடி ரூபாய். கடை வாடகை எத்தனை வந்திருந்தாலும் இதற்கு ஈடாகாது.

தீக்குப் பிறகு, கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்தில் இருந்த தையல்காரர்களும் பாத்திரக் கடைக்காரர்களும் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டார்கள்.