பபூனும் தொலைக்காட்சியும்



கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசற் சிற்றூர்களில் கோயிற்கொடை என்றால் விடிய விடிய வள்ளி திருமணம் நடைபெறும். தூத்துக்குடியிற் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) செப்பனிட்டுத் தந்த நாடக மரபு அது. வள்ளியும் முருகனும் தோன்றுமுன் பபூன் மேடைக்கு வந்துவிடுவார்.

நான் சிறுவனாக இருந்தபோது ஒரு கொடையில், ஊர்ச் செல்வர் ஒருவர் தம் வைர மோதிரம் பிறர் கண்ணிற் படும்படி விரலை நீட்டியவாறு முன்வரிசையில் வீற்றிருந்தார். பபூன் பனையோலையில் ஒரு மோதிரம் முடைந்து அணிந்து, அவர் எதிரிலேயே அவ்வாறு விரல் நீட்டி அமர்ந்தார். ஊரே சிரித்தது. செல்வரும் சிரிக்க வேண்டியதாயிற்று. நாடகச் செலவு தலைக்கட்டு வரியாக வீடுதோறும் பிரிக்கப்பட்டது. செல்வர் தந்ததும் ஒரு வரியே. பபூனின் துணிவுக்கு வேர் அங்கே இருந்தது என்று பின்னாளில் உணர்ந்தேன்.

சென்னையில் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கிற்று. 1993இல் சன் தொலைக்காட்சி வந்தது. 2006இல் அரசு இலவச வண்ணப் பெட்டிகளை வழங்கத் தொடங்கியபின், தீப்பெட்டி ஆபீஸ் கூலியில் வாழும் வீடுகளிலும் மாலைதோறும் திரை ஒளிர்ந்தது. அவ்வாண்டுகளில் விஜய் தொலைக்காட்சியில் 'லொள்ளு சபா' வெளிவந்தது. ராம்பாலா இயக்க, சந்தானம் முதலியோர் நடித்தனர். வெற்றிப் படங்களின் கதையையே எடுத்து, எளிய அரங்கப் பொருள்களோடு ஆடிக் காட்டுவார்கள். கதாநாயகன் தலையைத் திருப்புவதும், ஒற்றை வரி வசனத்துக்கு விரலை உயர்த்துவதும் அங்கே நகைப்புக்கு இடமாயின. பபூனின் ஓலை மோதிரமே அது என்று எனக்குத் தோன்றும்.

அக்கேலி பிறகு திரையரங்குக்கும் சென்றது. 1992இல் வந்த 'அண்ணாமலை'யில் பால்காரர் ஒரு பாட்டினூடே பெருஞ்செல்வர் ஆகிறார். சி.எஸ். அமுதனின் 'தமிழ்ப்படம்' (2010), ஒரு பாட்டுக்குள் கோடீசுவரனாகும் அந்த விந்தையையே எள்ளி நகையாடிற்று. உழைத்தும் ஏழைகளாகவே இருக்கும் மக்கள் நிறைந்த எம் வட்டாரத்தில் அந்த எள்ளல் எவ்வளவு தைத்திருக்கும்!

ஆயினும் ஒரு வேற்றுமையைக் கூறாதிருக்க இயலாது. தொலைக்காட்சிப் பபூனுக்குத் தலைக்கட்டு வரி இல்லை; விளம்பரதாரர் பணமே சோறு. கேலி முடிந்த மறுகணம் நடிகர் நகைக்கடைக்கு அழைப்பார். அடுத்து அவருடைய படமே ஒளிபரப்பாகும். எள்ளப்பட்டவர் வீட்டிலேயே எள்ளுவோருக்கு உணவு.

ஓராண்டு எம் பள்ளி விழாவில் ஒரு மாணவன் தன் அபிமான நடிகரின் நடையைக் கேலியாக நடித்துக் காட்டினான். தலைமையாசிரியனாகிய நானும் அடக்கமாட்டாது சிரித்தேன். மறுநாள் காலை அதே நடிகரின் புதுப்படம். தாய் தீப்பெட்டி ஆபீஸில் ஈட்டிய கூலியைக் கையிற் பிடித்துக்கொண்டு, திரையரங்கு வாயிலில் அவன் நின்றிருந்தான்.

"நேற்று அவரைத்தானே பரிகாசம் செய்தாய்?" என்றேன்.

"அது நேத்து, சார்" என்றான்.