காடி பொங்காத உப்பு

ஞாயிறு பள்ளியில் அன்று நீதிமொழிகள் 25ஆம் அதிகாரம். மனம் நொந்திருப்பவன் எதிரில் பாட்டுப் பாடுகிறவனை 20ஆம் வசனம் இரண்டு செயல்களுக்கு ஒப்பிடுகிறது. ஒன்று, குளிர்காலத்தில் ஆடையைக் களைவது. பிள்ளைகளுக்கு அது உடனே பிடிபட்டுவிட்டது. மற்றது, வெடியுப்பின் மேல் காடி ஊற்றுவது. அது ஒருவருக்கும் விளங்கவில்லை. வாரநாளில் வேதியியல் நடத்துகிறவன் நான். காடி என்றால் புளித்த திரவம், இன்றைய வினிகர் என்று சொல்லிவிட்டு, "அடுத்த வாரம் செய்தே காட்டுறேன்" என்றேன்.

அடுத்த வாரம் கண்ணாடித் தம்ளரில் இரண்டு கரண்டி பொட்டாசியம் நைட்ரேட்டைப் போட்டேன். வெடியுப்பு அதுதான். அதன் மேல் வினிகரை ஊற்றினேன். பிள்ளைகள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். நுரை இல்லை, சத்தம் இல்லை. உப்பு மெல்லக் கரைந்தது. தம்ளர் சற்றே குளிர்ந்தது. அவ்வளவுதான்.

"ஐயா, ஒண்ணுமே ஆகலையே. அப்ப வேதத்துல தப்பா எழுதியிருக்கா?" என்று ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்.

கேலியாகக் கேட்கவில்லை, பதில் வேண்டும் என்று கேட்டாள். கண்ணெதிரே ஒன்றும் நடக்காதபோது நடந்ததாக நினைத்துக்கொள் என்று ஒரு குழந்தைக்குச் சொல்லக்கூடாது. விசுவாசத்துக்கும் அது நல்லதல்ல, விஞ்ஞானத்துக்கும் நல்லதல்ல. அந்தக் கேள்வியோடு வீட்டுக்குப் போய்ப் புத்தகங்களைப் பிரித்தேன். தேடல் முழுதும் ஒரே ஒரு சொல்லின் பின்னால் போனது.

முதலில், தம்ளரில் ஏன் ஒன்றும் ஆகவில்லை? ஓர் உப்பு என்பது ஓர் அமிலமும் ஒரு காரமும் கூடிப் பிறந்த பிள்ளை. வெடியுப்பு நைட்ரிக் அமிலத்தின் வழி வந்தது. நைட்ரிக் அமிலம் பலசாலி. வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலம் பலம் குறைந்தது. பலம் குறைந்த அமிலத்தால் பலசாலியை அதன் உப்பிலிருந்து வெளியே தள்ள முடியாது. கார்பனேட் உப்பு என்றால் கதை வேறு. கார்பானிக் அமிலம் அசெட்டிக் அமிலத்தைவிடவும் பலம் குறைந்தது, அதைத் தள்ளிவிடலாம். தள்ளப்பட்டதும் அது நீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிகிறது. அந்த வாயு வெளியேறும் அவசரம்தான் நுரை. ஆக, நீதிமொழிகள் எழுதியவர் காடி ஊற்றிப் பார்த்த உப்பு, வெடியுப்பாக இருக்க வழியில்லை. அது ஒரு கார்பனேட்.

எபிரேய மூலத்தில் அங்கே இருக்கும் சொல் 'நெத்தெர்'. பழைய ஏற்பாடு முழுவதிலும் அது இரண்டே இடங்களில்தான் வருகிறது. ஒன்று இந்த நீதிமொழி. மற்றொன்று எரேமியா 2:22. எவ்வளவு கழுவினாலும் அக்கிரமத்தின் கறை போகாது என்று தீர்க்கதரிசி சொல்லும் இடம் அது. நம் பழைய திருப்புதலில் எரேமியாவைத் திறந்தேன். அதே நெத்தெருக்கு அங்கே நிற்கும் தமிழ்ச்சொல் உவர்மண்.

எனக்கு மேசையைத் தட்டத் தோன்றியது. வண்ணார் துணியை வெளுக்க வெள்ளாவி வைத்த உவர்மண்! சோடியம் கார்பனேட் பூத்துக் கிடக்கும் களர்நிலத்து மண். ஒரே எபிரேயச் சொல், ஓரிடத்தில் மிகச் சரியான தமிழாக வந்திருக்கிறது. இன்னோரிடத்தில் வெடிமருந்துக் கிடங்குக்குள் போய்விட்டது. ஹென்றி பவர் தலைமையில் நடந்து 1871இல் வெளிவந்த திருப்புதலின் வழியே வந்தது நாம் இன்று வாசிக்கும் பழைய திருப்புதல். அதை உருவாக்கியவர்களின் உழைப்பை அறிந்தவன் எவனும் இதைக் குற்றமாகப் பேச மாட்டான். பிழை அவர்கள் வீட்டில் பிறந்ததல்ல. அது ஐரோப்பாவில் பிறந்து வளர்ந்தது.

நெத்தெர் எகிப்திலிருந்து வந்த சொல். கெய்ரோவுக்கு வடமேற்கே ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. பெயர் வாதி நத்ரூன். அங்கே ஏரிகள் கோடையில் வற்றும்போது கரையோரம் வெள்ளைப் படலம் படியும். சோடியம் கார்பனேட், சோடியம் பைகார்பனேட், கூடவே சாதாரண உப்பும் சோடியம் சல்பேட்டும் கலந்த படலம். எகிப்தியர் அதை வாரிக் குளித்தார்கள், துணி துவைத்தார்கள், கண்ணாடி உருக்கினார்கள், இறந்தவர் உடலின் ஈரத்தை உறிஞ்சி அழுகாமல் காத்தார்கள். உடல் 70 நாள் அந்த உப்பில் கிடந்ததாக ஹெரோடோட்டஸ் எழுதிவைத்தார். அந்த உப்புக்கு எகிப்தியர் இட்ட பெயர், அவர்கள் மொழியில் தெய்வத்தைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். கோயில் பூசகர் அதைக் கொண்டு தம்மைச் சுத்திகரித்துக்கொண்டதை நினைத்தால் அது பொருந்தியே போகிறது.

இந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி இன்னொன்றும் சொல்லாமல் மேலே போக மனமில்லை. 4ஆம் நூற்றாண்டில் மக்காரியஸ் முதலிய கிறிஸ்தவத் துறவிகள் ஜெபிக்கச் சென்ற பாலைவனம் இதுதான். அக்காலத்தில் அதன் பெயர் ஸ்கேத்தே. இன்றும் 4 மடங்கள் அங்கே இயங்குகின்றன. அதற்கு வடக்கே அமூன் என்ற துறவி தொடங்கிய இன்னொரு துறவியர் குடியிருப்புக்கு நித்ரியா என்று பெயர். உப்பின் பெயரே ஊரின் பெயர். கறை போக்கும் உப்பு விளையும் மண்ணில் போய், தம் உள்ளத்தின் கறைக்காக அவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். எரேமியாவின் அந்த வசனத்தை வாசிக்கும்போதெல்லாம் இப்போது எனக்கு அந்த ஏரிக்கரை நினைவுக்கு வருகிறது.

எகிப்தியச் சொல் கிரேக்கத்தில் 'நித்ரோன்' ஆயிற்று, லத்தீனில் 'நித்ரும்'. எபிரேய வேதத்தை லத்தீனுக்குக் கொண்டுவந்த எரோனிமுஸ் இந்த நீதிமொழியில் நித்ரும் என்றே எழுதினார். அவர் காலம்வரை பொருள் மாறவில்லை. அதற்கு முந்தைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் மட்டும் உப்பே கிடையாது. காயத்தின் மேல் ஊற்றிய காடி என்ற பொருளில் வரி இருக்கிறது. அவர்கள் கையில் இருந்த மூலம் வேறாக இருந்திருக்கலாம்.

பொருள் மாறியது வெடிமருந்தால். சீனத்தில் பிறந்த வெடிமருந்து 13ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்தது. அதில் பெரும்பங்கு, ஏறத்தாழ 75 விழுக்காடு, ஒரு வெள்ளை உப்பு. தொழுவத்து மண்ணிலும் பழைய சுவர்களிலும் பூப்பது. பார்வைக்கு எகிப்து உப்பு மாதிரியே இருக்கும். அதுவும் வெள்ளை, இதுவும் வெள்ளை. அதுவும் மண்ணில் பூக்கும், இதுவும் பூக்கும். முதலில் அதற்குப் 'பாறை உப்பு' என்ற பொருளில் ஒரு லத்தீன் பெயர் இருந்தது. பிறகு நித்ரும் என்ற பழைய பெயரும் அதன் தலையில் ஏறியது. எகிப்து ஏரியை யாரும் பார்த்ததில்லை, பீரங்கியையோ எல்லாரும் பார்த்தார்கள். பெயர் பீரங்கியின் பக்கம் போய்விட்டது.

1611இல் ஆங்கில வேதாகமம் அச்சானபோது இந்த வசனத்தில் 'நைட்டர்' என்று போட்டார்கள். பழைய பொருளில்தான் போட்டிருப்பார்கள். வாசித்தவர்கள் காதில் நாளடைவில் அது வெடியுப்பாகவே விழுந்தது. தமிழிலும் நைட்டருக்கு நேர் சொல் வெடியுப்பு, இன்னொரு பெயர் பொட்டிலுப்பு. அகராதிப்படி குறையே சொல்ல முடியாது. ஆனால் 'வெடி' என்ற அடைமொழியே அந்த உப்பின் வயதைச் சொல்லிவிடுகிறதே! சாலொமோன் காலத்தில் எந்த வெடிக்கு எந்த உப்பு?

லூத்தர் செய்தது எனக்கு மிகவும் பிடிக்கிறது. அவருடைய ஜெர்மன் வேதாகமத்தில் இந்த இடத்தில் இருப்பது சுண்ணக்கட்டி, இயற்கையில் கிடைக்கும் சாக்கு. மூலத்தில் இல்லாத பொருள்தான். ஆனால் சாக்கு கால்சியம் கார்பனேட். காடி பட்டால் சீறும். எகிப்து உப்பை அறியாத ஜெர்மன் குடியானவன் வீட்டில் செய்து பார்க்கக்கூடிய ஒன்றை அவர் வைத்தார். சொல்லுக்குச் சொல் நேராக நின்ற ஆங்கிலத்தில் நுரை தொலைந்துபோக, சொல்லை விட்டு விலகிய ஜெர்மனில் நுரை பிழைத்துக்கொண்டது. மொழிபெயர்ப்பு செய்கிறவர்கள் இதைக் கொஞ்சநேரம் மனத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பெயரை வெடியுப்பு எடுத்துக்கொண்டதால் எகிப்து உப்புக்கு ஐரோப்பியர் வேறு பெயர் தேட வேண்டியதாயிற்று. அரபியில் அதே பழஞ்சொல் 'நத்ரூன்' என்று உயிரோடு இருந்தது. அதை வாங்கி 'நாத்ரோன்' என்றார்கள். ஆக, ஒரே சொல் இரண்டு வாசல் வழியாக ஐரோப்பாவுக்குள் நுழைந்து இரண்டு உப்புகளுக்குப் பெயராயிற்று. இங்கிருந்துதான் என் பாடப்புத்தகம் தொடங்குகிறது.

1772இல் தானியேல் ருதர்ஃபோர்டு, எரிதலுக்கும் உயிருக்கும் உதவாத ஒரு வாயுவைக் காற்றிலிருந்து பிரித்தார். லவாய்சியே அதை 'உயிரற்றது' என்ற பொருளில் 'அசோத்' என்றார். 1790இல் ஷாப்தால், அது வெடியுப்பில் இருக்கிறது என்பதால் 'நைட்டரைப் பிறப்பிப்பது' என்ற பொருளில் வேறு பெயர் வைத்தார். அதுவே நைட்ரஜன். 1807இல் ஹம்ப்ரி டேவி எரிசோடாவில் மின்சாரம் செலுத்தி மென்மையான வெள்ளி நிற உலோகம் ஒன்றைப் பிரித்தார். ஆங்கிலத்தில் அதைச் சோடியம் என்றார்கள். 1810களில் தனிமங்களுக்கு எழுத்துக் குறியீடு வகுத்த பெர்சீலியஸ், நாத்ரோனிலிருந்து பிறந்த 'நேட்ரியம்' என்ற பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைக் குறியீடாக்கினார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி, சோடியத்துக்கு ஏன் சார் எஸ் வராமல் என்-ஏ வருகிறது என்பது. இத்தனை ஆண்டுகள் 'லத்தீன் பெயர்' என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டிருந்தேன். இப்போது எரேமியாவிலிருந்து தொடங்குகிறேன்.

தனிம அட்டவணையில் 7ஆம் இடத்தில் நைட்ரஜன், 11ஆம் இடத்தில் சோடியம். இரண்டின் குறியீட்டிலும் இருப்பது அந்த ஒரே எகிப்தியச் சொல். சோடியம் நைட்ரேட் என்று எழுதிக் குறியீடு போட்டால் முதலில் என்-ஏ, அடுத்து என், பிறகு மூன்று ஆக்சிஜன். பிரிந்துபோன இரட்டையர் ஒரே சூத்திரத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள்.

எரேமியாவின் அதே வசனத்தில் உவர்மண்ணுக்கு அடுத்து சவுக்காரம் வருகிறது. எபிரேயத்தில் 'போரித்', செடிகளை எரித்த சாம்பலிலிருந்து எடுத்த காரம் என்பர். இலங்கைத் தமிழர் சோப்பை இன்றும் சவர்க்காரம் என்கிறார்கள். ஏரியில் விளைந்த காரம் ஒன்று, சாம்பலில் விளைந்த காரம் ஒன்று. இந்த இரண்டையும் கனிமக் காரம், தாவரக் காரம் என்று 18ஆம் நூற்றாண்டு வேதியியலார் பிரித்துப் பேசினார்கள். முதலாவதில் சோடியம், இரண்டாவதில் பெரும்பாலும் பொட்டாசியம். பொட்டாசியம் என்ற பெயரே பானையில் காய்ச்சிய சாம்பல் என்பதிலிருந்து வந்தது. நம் உழவர் அதற்குச் சாம்பல் சத்து என்று பெயர் வைத்திருக்கிறார்கள், நைட்ரஜனுக்குத் தழைச்சத்து என்று. ஒரு பெயருக்குள் பொருளின் பிறப்பிடம் இருக்க வேண்டும் என்றால் சாம்பல் சத்தைவிட நல்ல பெயர் எனக்குத் தெரியவில்லை.

வெடியுப்பிலும் ஒரு காரம் ஒளிந்திருக்கிறது. விவிலியத்தை நேசித்த ராபர்ட் பாயில் 1661இல் வெளியிட்ட ஒரு சோதனையில், உருகிய வெடியுப்பில் கனல் கரியைப் போட்டு எரித்தார். மிஞ்சிய வெள்ளை உப்பு, நாம் இன்று பொட்டாசியம் கார்பனேட் என்பது. அதன் மேல் அமிலத்தைச் சொட்டச் சொட்ட நுரைத்தது. இறுதியில் வெடியுப்பே திரும்பக் கிடைத்தது. படைத்தவரின் கைவேலையை அளந்து பார்ப்பது வழிபாட்டுக்குப் புறம்பானதல்ல என்று வாழ்ந்தவர் அவர். என் வகுப்பில் அவர் பெயரை வாயு விதிக்காக மட்டும் சொல்லிக்கொண்டிருந்ததற்கு வருந்துகிறேன்.

நீதிமொழிக்கு வருவோம். காடியையும் உவர்மண்ணையும் கலந்தால் சீற்றம் மட்டுமா? நுரை அடங்கியபின் காடியின் புளிப்பு போயிருக்கும். உப்பின் அழுக்கு நீக்கும் சக்தியும் போயிருக்கும். நடுநிலையாக்கல் என்று பாடத்தில் படிக்கிறோமே, அது. அழுகிறவன் முன் பாடினால் அவன் மனம் கொதிக்கிறது. பாட்டும் வீணாகிறது, அவன் துக்கத்துக்குரிய நேரமும் வீணாகிறது. துஷ்டி வீட்டில் இந்த வசனத்தின் அர்த்தத்தை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அழுகிறவர்களுடன் அழச் சொன்ன பவுலும் இதைத்தான் அறிந்திருந்தார். வெடியுப்பு என்று வாசித்தால் இதில் ஒன்றும் கிடைக்காது; கரைந்து குளிரும் தம்ளர்தான் மிஞ்சும்.

தமிழுக்கு இந்த உப்பு அந்நியமும் அல்ல. களர்நிலத்தில் தோண்டிய கிணற்று நீரில் நாள்தோறும் துணி வெளுத்த பெண்ணைப் புறநானூற்றின் 311ஆம் பாட்டு காட்டுகிறது. அந்த நீரில் கரைந்திருந்த காரத்தைப் பெயர் சொல்லாமலே பயன்படுத்தியிருக்கிறார்கள். உவர், களர், சவுடு என்று நிலத்தின் பெயர்களிலேயே அந்த உப்பு இருக்கிறது. திருப்புதலைத் திருத்தும் பொறுப்பு என்னிடம் வந்தால், எரேமியாவில் இருக்கும் சொல்லை அப்படியே நீதிமொழிகளுக்கு எடுத்துவருவேன். வேறு கலைச்சொல் தேட மாட்டேன்.

மூன்றாவது ஞாயிறு, பழைய வண்ணான்துறைப் பக்கமிருந்து ஒரு பை மண் அள்ளிக்கொண்டு போனேன். மேலே வெள்ளை பூத்த, நாக்கில் வைத்தால் உவர்க்கும் மண். அதை ஒரு தட்டில் பரப்பி, போன வாரத்து வினிகர் பாட்டிலை அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுத்தேன். அவள் கொஞ்சம்தான் ஊற்றினாள். மண் சுர்ரென்று சத்தம் போட்டுப் பொங்கியது. "ஐயா, கேக்குது!" என்று தட்டின் மேல் காதை வைத்துக் குனிந்தாள்; மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள்.