உறைவதற்கும் உருகுவதற்கும் இடையே

1920-களில் கனடாவின் வடபுலத்தில் சிறு விமானங்கள் பறக்கத் தொடங்கியபோது, ஏரிகளே அவற்றின் தளங்கள். கோடையில் மிதவைகளைப் பூட்டி நீரிலும், குளிர்காலத்தில் சறுக்குக்கட்டைகளைப் பூட்டிப் பனியிலும் விமானிகள் இறங்கினர். கடுங்குளிர் அவர்களைத் தடுக்கவில்லை. 1929 ஜனவரியில் வாப் மே, விக் ஹார்னர் ஆகிய இருவர், எட்மண்டனிலிருந்து போர்ட் வெர்மிலியனுக்குத் தொண்டை அடைப்பான் நோய்க்கான மருந்தைத் திறந்த விமானத்தில் கொண்டுசென்றனர்.

ஆனால் பனி உருகும் வசந்தத்திலும், நீர் உறையத் தொடங்கும் இலையுதிர்காலத்திலும் சில வாரங்கள் மிதவையும் உதவாது, சறுக்குக்கட்டையும் உதவாது. மெல்லிய பனிக்கட்டி விமானத்தைத் தாங்காது. குடியிருப்புகள் கடிதமும் மருந்துமின்றிக் காத்திருந்தன. விமானிகளோ அந்நாட்களில் எஞ்சினைச் செப்பனிட்டு, அடுத்த பருவத்துக்கு ஆயத்தமாயினர்.

நமக்கும் இத்தகைய இடைக்காலங்கள் உண்டு. அவற்றை வீணென்று எண்ணாமல் ஆயத்தத்தின் நாட்களாக்குவோம்.