மண்புழுவும் இரண்டு தோட்டங்களும்: பழக்கம் ஆய்வுமுறையான வரலாறு

இயற்கையோடு ஓர் அறிஞருக்கு இருந்த நெருக்கத்தை அவருடைய வாழ்க்கை வரலாற்றில் சேர்த்துவிட்டு, ஆய்வுமுறையைத் தனியே பேசுவது அறிவியல் வரலாறு எழுதுவோரின் வழக்கம். அப்படிப் பிரித்தால் பல கண்டுபிடிப்புகள் எப்படிச் சாத்தியமாயின என்பதே விளங்காமல் போகும். மண்புழு பற்றிய அறிவு இங்கிலாந்தில் ஏறத்தாழ நூறாண்டுகளில் வளர்ந்த விதம் இதற்கு நல்ல சான்று. அந்த அறிவு சோதனைச்சாலையில் பிறக்கவில்லை. ஓர் ஊரில், ஒரு வீட்டில், பல்லாண்டு குடியிருந்தவர்களின் பழக்கத்திலிருந்து பிறந்தது.

ஹாம்ப்ஷயரின் செல்போர்ன் சிற்றூரில் 1720இல் பிறந்த கில்பர்ட் வைட், திருச்சபைக் குருவாகப் பணியாற்றி, தன் வாழ்நாளின் பெரும்பகுதியை அந்த ஊரிலேயே கழித்தவர். 1751 முதல் தோட்டக் குறிப்பும், 1768 முதல் இயற்கை நாட்குறிப்பும் எழுதிவந்தார். உருவில் ஒன்றுபோலவே தெரியும் சிறு கதிர்க்குருவிகள் உண்மையில் மூன்று தனித்தனி இனங்கள் என்று அவர் பிரித்தறிந்ததில் அவற்றின் குரலுக்குப் பெரும்பங்கு உண்டு. ஒரே வேலியோரம் ஆண்டுதோறும் நின்று கேட்ட காதுக்குத்தான் அந்த வேறுபாடு பிடிபடும். தேனீக்களுக்குக் காது கேட்குமா என்று அறிய, கூட்டருகே பெரிய ஊதுகுழலை வைத்து அதன் வழியே கத்திப் பார்த்தவரும் அவரே. தேனீக்கள் தம் வேலையை நிறுத்தவில்லை.

1777 மே மாதம் இயற்கை ஆர்வலர் டெய்ன்ஸ் பாரிங்டனுக்கு எழுதிய கடிதத்தில் வைட் மண்புழுவை எடுத்துக்கொண்டார். தோட்டக்காரர்களும் உழவர்களும் அதை வெறுத்த காலம் அது. மண்ணைத் துளைத்து மழைநீருக்கும் வேருக்கும் வழிவிடுவது, இலைக்காம்புகளை உள்ளே இழுப்பது, எச்சமண்ணை மேலே தள்ளி நிலத்துக்கு உரமாக்குவது என அதன் பணிகளை அவர் விவரித்தார். மண்புழு இல்லாத நிலம் விரைவில் இறுகி மலடாகும் என்றும், இந்த உயிரைப் பற்றி முழு நூல் ஒன்று வரவேண்டும் என்றும் எழுதினார். இக்கடிதம் இடம்பெற்ற, செல்போர்னின் இயற்கை வரலாறு பற்றிய அவருடைய நூல் 1789இல் வெளிவந்தது.

அந்த நூலைச் சிறுவயதில் படித்துப் பறவை பார்க்கத் தொடங்கிய சார்லஸ் டார்வினே பின்னாளில் அந்த முழு நூலையும் எழுதினார். பீகிள் கப்பல் பயணம் முடிந்து திரும்பியபின், மேர் என்ற ஊரில் அவருடைய மாமா ஜோசையா வெட்ஜ்வுட் தம் வயல்களைக் காட்டினார். சில ஆண்டுகளுக்கு முன் மேலே தூவிய சுண்ணாம்பும் கரிக்கசடும் புல்லுக்குக் கீழே ஒரே அடுக்காகப் புதைந்திருந்தன. அது மண்புழுவின் வேலையாகவே இருக்கவேண்டும் என்று சொன்னவரும் அந்த மாமாதான். இதைக் கொண்டு டார்வின் 1837 நவம்பரில் புவியியல் கழகத்தில் கட்டுரை படித்தார்.

என் பார்வையில் முக்கியமானது இதற்குப் பின் நடந்ததுதான். 1842இல் கென்ட்டின் டவுன் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தவர், அதே ஆண்டு டிசம்பரில் வீட்டருகே ஒரு வயலில் உடைத்த சுண்ணக்கற்களைப் பரப்பச் செய்தார். பிற்காலத்தில் அவை எவ்வளவு ஆழம் புதைந்திருக்கும் என்று பார்ப்பதே நோக்கம். அப்போது அவருக்கு வயது 33. 1871 நவம்பர் இறுதியில் குறுக்கே பள்ளம் வெட்டியபோது வயது 62. வெள்ளைக் கற்களின் வரிசை ஏழு அங்குலம் கீழே இருந்தது.

இன்னொரு வயலை அவருடைய பிள்ளைகள் கல்வயல் என்றே அழைத்தார்கள். அவர்கள் சிறுவர்களாய்ச் சரிவில் ஓடி இறங்கும்போது கற்கள் கலகலவென்று ஒன்றோடொன்று மோதும். அந்தப் பெரிய கற்கள் மூடப்படும்வரை தான் உயிரோடிருப்போமா என்று தந்தைக்கே ஐயம் இருந்தது. முப்பது ஆண்டுகளில், குதிரை பாய்ந்தோடினாலும் லாடம் ஒரு கல்லில்கூடப் படாத அளவுக்குப் புல்தரை மூடிவிட்டது. ஒரு தந்தையின் நினைவு இங்கே அறிவியல் தரவாகவே நிற்கிறது. இத்தனை சிறிய, வலுவற்ற புழு இவ்வளவு பெரிய வேலையைச் செய்யுமா என்று 1869இல் ஒருவர் அச்சில் மறுத்தபோது, டார்வினிடம் விடையாக இருந்தது காலம். அந்தக் காலத்தை அதே மண்ணருகே வாழ்ந்துதான் அவர் ஈட்டியிருந்தார்.

வீட்டுக்குள்ளும் ஆய்வு நடந்தது. சட்டிகளில் வளர்த்த புழுக்களுக்கு முன் மகன் ஃபிரான்சிஸ் பாசூன் ஊதினார், பியானோவும் ஒலித்தது. புழுக்கள் அசையவில்லை. சட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு சுரத்தைத் தட்டியதும் அதிர்வை உணர்ந்து வளைக்குள் மறைந்தன. செல்போர்ன் ஊதுகுழலின் மரபு இங்கே தொடர்கிறது என்று கொள்வது மிகையாகாது. ஆனால் டார்வின் எண்ணவும் செய்தார்: முக்கோணமாய் வெட்டிய 303 காகிதத் துண்டுகளில் 62 விழுக்காட்டைப் புழுக்கள் கூர்முனையைப் பற்றியே இழுத்துச் சென்றிருந்தன. அவற்றுக்கு ஓரளவு அறிவு உண்டு என்று முடிவுகட்ட அவர் தயங்கவில்லை. 1881 அக்டோபரில் அவருடைய மண்புழு நூல் வெளிவந்தது. அடுத்த ஏப்ரலில் அவர் இறந்தார்.

நூலில் நீலகிரியும் வருகிறது. கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பாளர் ஜார்ஜ் கிங், ஏழாயிரம் அடி உயரத்தில் கண்ட எச்சமண் கட்டிகளைப் பற்றிய செய்தியைத் தந்தார். அவற்றில் மிகப்பெரியது கால் பவுண்டுக்கும் மேல் எடையுள்ளது.

ஓரிடத்து மண்ணோடு இத்தகைய நீண்ட உறவு எல்லோர்க்கும் வாய்த்ததன்று. வைட்டுக்கு நிலையான வருவாயும் டார்வினுக்குக் குடும்பச் சொத்தும் இருந்தன. வயலில் கல் பரப்பவும் பள்ளம் வெட்டவும் கூலியாட்கள் இருந்தார்கள். சர்ரேயின் லீத் ஹில் பிளேஸ் அருகே ஒரு பெண் ஓராண்டு முழுவதும் இரண்டு சதுர கஜ நிலங்களின் எச்சமண்ணைச் சேகரித்துத் தந்தார். ஏக்கருக்கு ஆண்டுக்கு 16 டன் வரை என்ற முக்கியமான கணக்கு அவர் உழைப்பில் கிடைத்தது. அவருடைய துல்லியத்தை முழுதும் நம்பலாம் என்று எழுதிய டார்வின், அங்கே அவர் பெயரை எழுதவில்லை.