வெபர் கார்புரேட்டரின் கதை: ஒரு இழை

1/ உலகம் முழுக்க பழைய சின்ன கார் வச்சிருக்கிறவங்க பெருமையா சொல்ற ஒரு விஷயம் இருக்கு: "கம்பெனி கார்புரேட்டரைக் கழட்டிட்டு வெபர் மாட்டிட்டேன்." இந்தப் பழக்கம் எங்கே தொடங்குச்சு, இதுல ஒரு டாக்டருக்கு என்ன வேலைன்னு பார்ப்போம்.

2/ என்ஜின் இழுக்கும் காற்று கார்புரேட்டரோட குறுகலான கழுத்து வழியா வேகமா போகும். வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும். அந்த அழுத்தக் குறைவு, ஜெட் என்கிற சின்னத் துளை வழியா பெட்ரோலை இழுத்து காற்றோடு கலக்கும். 1 கிலோ பெட்ரோல் சரியா எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேணும். இந்தக் கணக்கை நினைவுல வச்சுக்கோங்க.

3/ 1923. இத்தாலியின் போலோன்யா நகரில் எதுவார்தோ வெபர் கார்புரேட்டர் கம்பெனி தொடங்கினார். அவர் ஆரம்பத்தில் செஞ்சது, ஃபியட் கார்களில் மாற்றிப் பூட்டும் கிட்டுக்கான கார்புரேட்டர். ரேஸ் காரை நினைவுபடுத்தும் இந்தப் பேரு, பிறந்ததே வெளியில் வாங்கி மாட்டும் பாகமாத்தான்!

4/ அவர் கொண்டுவந்த முக்கியமான யோசனை, ஒரே கார்புரேட்டரில் சின்னதும் பெரிசுமா இரண்டு கழுத்து. மெதுவா போகும்போது சின்னது மட்டும் வேலை செய்யும். ஆக்ஸிலரேட்டரை ஆழமா மிதிச்சா பெரிசும் திறக்கும். சிக்கனமும் உண்டு, வேகமும் உண்டு. 1930-களில் மசெராட்டி, ஆல்ஃபா ரோமியோ ரேஸ் கார்களில் வெபர் ஏறியது. 1945-ல் வெபர் காணாமல் போனார். 1952-ல் கம்பெனி ஃபியட் கைக்குப் போனது.

5/ அடுத்த திருப்பம் அமெரிக்காவில். 1970-ல் வந்த தூய காற்றுச் சட்டம், 1975 மாடல் கார்களில் கார்பன் மோனாக்சைடை 90% குறைக்கணும்னு சொன்னது. அங்கே விற்ற பிரிட்டிஷ் எம்ஜிபி காரில் இரட்டை எஸ்யூ கார்புரேட்டர் போய், ஒற்றை ஸ்ட்ரோம்பெர்க் வந்தது. வண்டி மந்தமாச்சு. பலர் அதைக் கழட்டி வெபர் 32/36 மாட்டினாங்க. 32, 36 என்பது அந்த இரண்டு வழிகளின் அளவு, மில்லிமீட்டரில்.

6/ "சட்டம் என்ஜினைக் கெடுத்துடுச்சு" என்பது அவங்க குறை. ஆனா அந்தச் சட்டம் காப்பாற்ற நினைச்சது நம்ம ரத்தத்தை. காற்று குறைஞ்சு பெட்ரோல் கூடினா, புகையில் கார்பன் மோனாக்சைடு ஏறும். அது ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனை விட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமா பிடிக்கும். நிறமில்லை, வாசனை இல்லை. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர்கூட "98" னு நார்மலா காட்டி ஏமாத்தும்.

7/ ஜெட்டும் மருந்து டோஸ் மாதிரிதான். 140 நம்பர் ஜெட்னா 1.40 மி.மீ. துளை. ஒரு என்ஜினுக்குப் பொருந்தினது இன்னொண்ணுக்கு ஓவர்டோஸ் ஆகலாம். "வெபர்" என்கிற பேரு மட்டும் கலவையைச் சரி பண்ணாது.

8/ அதனால கார்புரேட்டர் மாத்தினா, புகைப் பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு அளவைப் பாருங்க. மூடின ஷெட்டுக்குள்ள என்ஜினை ஓட விட்டு ட்யூன் பண்ணாதீங்க. தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி வந்தா உடனே வெளிக்காற்றுக்கு வந்து, ஆஸ்பத்திரிக்குப் போங்க. "ஓடுற என்ஜின் பக்கத்துல இருந்தேன்"னு முதல் வார்த்தையா சொல்லுங்க. அந்த ஒரு வரி எங்களுக்குப் பாதி வைத்தியம்.